தரை காய்ந்திருந்தது என்று சொன்னேன்

என் கையெழுத்துக்காக முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கோழி கிண்டிய மண் மாதிரிதான் இருக்கும். ர, ற இரண்டும் எனக்கு இன்றைக்கும் குழப்பம். ஐந்தாம் வகுப்பு முடித்த கையோடு அப்பாவின் மீன்பிடி வள்ளத்தில் ஏறியவன் நான். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் வீட்டுக்கு நாலு வரிக் கடிதமும், பேங்கில் போடுகிற கையெழுத்தும்தான். போன் வந்ததும் கடிதமும் நின்றுவிட்டது. போதாததற்கு வலது கையில் இரண்டு விரல்கள் சரியாக மடங்காது. அது எப்படி ஆனது என்பது உள்ளே வருகிறது. எழுத்துப் பிழைகளை நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். நடந்ததில் எதையும் நான் மாற்றவில்லை.

பஹ்ரைனில் ஒரு தனியார் கல்லூரியின் கூடைப்பந்து ஹாலில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். தரை துடைப்பவன். ஆட்டம் நடக்கும்போது கூடைக்குப் பின்னால் ஒரு சின்ன ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். யாராவது விழுந்தால், விசில் ஊதியதும் ஓடிப்போய்த் துடைத்துவிட்டு ஓடி வந்துவிட வேண்டும். சுற்றிலும் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்குக் கூச்சம் அதிகம். முதல் வருடம் முழுக்கத் தலையை நிமிர்த்தாமலே ஓடினேன்.

என்னிடம் இரண்டு துணிகள் இருக்கும். வெள்ளை வேர்வைக்கு, நீலம் ரத்தத்துக்கு. ரத்தத்தைப் பச்சைத் தண்ணீரில்தான் துடைக்க வேண்டும். வெந்நீர் பட்டால் கறை பிடித்துவிடும். டிவியில் பார்க்கிறவர்களுக்குக் கூடைப்பந்து ஓட்டமும் துள்ளலுமாகத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் அது அடிதடி. முழங்கை மூக்கில் இறங்குகிற சத்தம் ஸ்டூல் வரைக்கும் கேட்கும். ஒரு தடவை ஒரு பல்லைப் பொறுக்கி, பேப்பர் கப்பில் போட்டு டாக்டரிடம் கொடுத்திருக்கிறேன். நீலத் துணியை நனைக்காமல் முடிந்த ஆட்டம் ரொம்பக் குறைவு.

ஆடுகிறவர்களைவிடப் பார்க்கிறவர்கள் மோசம். கல்லூரியைச் சுற்றியிருக்கிற தெருக்காரர்கள்தான் முக்கால்வாசி. அவர்களுடைய தம்பியோ, மகனோ, மருமகனோதான் ஆடுவான். அவர்களுக்குத் தலைவர் ஒருவர் உண்டு. ஸ்கூல் பஸ் ஓட்டுபவர், என் வயதுதான் இருக்கும். கழுத்தில் பெரிய டிரம்மை மாட்டிக்கொண்டு மூன்றாவது வரிசையில் நிற்பார். அவர் அடித்தால் ஹால் எழும். அவர் நிறுத்தினால் அடங்கும். என்னை "சதீக்" என்று கூப்பிடுவார். நண்பன் என்று அர்த்தம். நோன்பு மாதத்தில் எனக்கு ஒரு டப்பா பேரீச்சம்பழம் கட்டாயம் வரும். நல்ல மனிதர்தான். ஆட்டம் தொடங்கிவிட்டால் அவரும் வேறு ஆள்.

கொரோனா முடிந்து ஆட்களை மறுபடி ஹாலுக்குள் விட்ட வருடம், கடைசி ஆட்டத்தில் ஒரு பாயிண்டில் தோற்றோம். விசில் ஊதி முடிவதற்குள் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பிடுங்கி எறிய ஆரம்பித்துவிட்டார்கள். நாற்காலியைத் தரையோடு பிடித்திருந்த போல்ட் ஒன்று பறந்து வந்து அப்போதைய கோச்சின் நெற்றியைப் பிளந்தது. அவரை என் ஸ்டோர் ரூமுக்குள் இழுத்துப் போய்ப் பூட்டிக்கொண்டேன். வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, நீலத் துணியை நெற்றியில் அழுத்திக்கொண்டு அழுதார். ஒரு வாரத்தில் வேலையை விட்டுப் போய்விட்டார்.

புதுக் கோச்சுக்கு மூன்று பேர் வந்தார்கள். ஆளுக்கு ஒரு சாயங்காலம் டீமுக்குப் பயிற்சி கொடுத்துக் காட்ட வேண்டும். கல்லூரிக்காரர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பார்கள். யாரும் கூப்பிடாமலே தெருக்காரர்களும் வந்து மேல்வரிசைகளை நிரப்பிக்கொண்டார்கள்.

முதலில் வந்தவர் அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்த பழைய ஆட்டக்காரர். அவர் உள்ளே நுழைந்ததிலிருந்து வெளியே போகிறவரைக்கும் டிரம் நிற்கவில்லை. இரண்டாவது ஆள் வெளிநாட்டுக்காரர். அரை மணி நேரத்தில் மேலேயிருந்து ஒரு தண்ணீர் பாட்டில் அவர் காலடியில் வந்து வெடித்தது. விசிலைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு டாக்ஸி பிடித்துப் போய்விட்டார்.

மூன்றாவதாக வந்தவரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

கறுப்பாக, ஒல்லியாக இருந்தார். நாற்பது வயது இருக்கும். பயிற்சி தொடங்கிப் பத்தாவது நிமிடம் இரண்டு பையன்கள் முட்டிக்கொண்டார்கள். டிரம்காரரின் அக்கா மகன் ஒருவன். டீமிலேயே நன்றாக ஆடுகிறவன் அவன்தான், கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தான். இன்னொருவன் அவன் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்த, இவன் அவன் வயிற்றில் குத்த, மேலே இருந்தவர்கள் எழுந்து நின்று கத்தினார்கள். இந்த மனிதர் ஓடவில்லை, விசிலும் ஊதவில்லை. கையில் இருந்த பந்தைத் தட்டிக்கொண்டே நடந்து வந்து இருவருக்கும் நடுவில் நுழைந்தார். மற்றவனுக்காக வந்த குத்து இவர் வாயில் விழுந்தது. உதடு கிழிந்து சட்டை நனைந்தது. பந்து தட்டுவதை நிறுத்தவே இல்லை. தட் தட் என்று அந்தச் சத்தம் மட்டும் கேட்டது. இரண்டு பையன்களும் என்ன செய்வதென்று தெரியாமல் கையை இறக்கினார்கள். பந்தை டிரம்காரரின் மருமகன் கையில் கொடுத்து, "யல்லா" என்றார். ம், நடக்கட்டும் என்று அர்த்தம்.

நான் நீலத் துணியோடு ஓடினேன். வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணே, குடிக்கத் தண்ணி கெடைக்குமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தமிழுன்னு எப்படி சார் தெரியும்?"

"நடையப் பாத்தேன். கடக்கரை மணல்ல நடந்து பழகுனவன் தரையில நடந்தாலும் அப்படித்தான் காலத் தூக்கித் தூக்கி வைப்பான். எந்த ஊரு?"

சொன்னேன். எங்கள் ஊரிலிருந்து நாலாவது ஊர் அவருக்கு. இரண்டு பேரும் ஒரே கடல்.

அன்று பயிற்சி முடிந்ததும், சிதறிக் கிடந்த பந்துகளையெல்லாம் அவரே பொறுக்கி ரேக்கில் வைத்தார். இத்தனை வருடத்தில் எந்தக் கோச்சும் அதைச் செய்து நான் பார்த்ததில்லை. மறுநாள் ஆபீஸில் ஆள் எடுக்கிற மலையாளி மேனேஜர் நடைபாதையில் என்னை நிறுத்தினார்.

"அண்ணா, மூணு பேரையும் கண்டதல்லே? ஆரு கொள்ளாம்?"

மூன்று பேரில் யார் தேவலை என்று சும்மா விளையாட்டுக்குத்தான் கேட்டார். "கடைசியா வந்தவரு பந்தைப் பொறுக்கி வச்சாரு சார்" என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த வாரம் எங்கள் கடற்கரைக்காரருக்கு வேலை ஆனது. என் வார்த்தைக்கு அதில் பங்கு இருந்திருக்காது. ஆனால் நான்தான் அவரைக் கொண்டு வந்தேன் என்று ஒரு பெருமை எனக்குள் உட்கார்ந்துகொண்டது. குதைபியாவில் நான் இருக்கிற ரூமில் ஐந்து பேர். ஐந்து பேரிடமும் சொல்லிவிட்டேன். ஊருக்கும் போன் போட்டுச் சொன்னேன்.

தெருக்காரர்கள் விடவில்லை. முதல் வாரமே அவர் காரின் நாலு டயரும் கிழிந்தன. இரண்டாம் வாரம், பார்க்கிங்கில் நடந்து வரும்போது ஒரு கல் காதோரமாகப் போனது. மூன்றாம் வாரம் யாரோ கார்க் கதவைச் சாத்துகிற சாக்கில் அவர் முழங்கையை நசுக்கினார்கள். டிரம்காரர் என்னைக் கூப்பிட்டு, எனக்குப் புரிகிற மாதிரி அரபியும் இந்தியும் கலந்து சொன்னார்: "சதீக், உன் ஊர்க்காரன்கிட்ட சொல்லு. இது எங்க வீடு. வீட்டுக்குள்ள யார் வரணும்னு நாங்கதான் சொல்வோம். முதல் ஆட்டத்துல தோத்தா, அவன் நடந்து வெளியே போக மாட்டான்."

போய்ச் சொன்னேன். அவர் முழங்கையில் ஐஸ் வைத்துக்கொண்டிருந்தார். "செயிச்சா?" என்று கேட்டார். அதற்கு டிரம்காரர் எதுவும் சொல்லவில்லையே என்றேன். "அப்ப செயிச்சிருவோம்" என்றார்.

இதற்கு நடுவில் டிரம்காரரின் மருமகன் முட்டி வலிக்கிறது என்றான். கோச் அவனைத் தினமும் ஹாலின் படிகளில் மெதுவாக ஏறி இறங்க வைத்தார். முட்டிக்குப் பலம் வருவதற்காக என்று அவனிடம் பொறுமையாகச் சொன்னதை நான் கேட்டேன். மேலே உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது கேட்கவில்லை. வலிக்கிற காலோடு எங்கள் பையனைப் படி ஏறவிட்டு வதைக்கிறான் என்று தெரு முழுக்கப் பேச்சு.

நான் செய்ததை இனிச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊரில் புது வள்ளத்தைக் கடலில் இறக்குவதற்கு முன்னால் கோயில் விளக்கெண்ணெயைத் தொட்டு அணியத்தில், அதாவது வள்ளத்தின் மூக்கில், சிலுவை போடுவோம். எத்தனை பெரிய அலை அடித்தாலும் அந்த எண்ணெய் பட்ட வள்ளம் திரும்பி வரும் என்பது நம்பிக்கை. மாதா கோயில் விளக்கிலிருந்து எடுத்த தேங்காயெண்ணெயை என் வீட்டுக்காரி ஒரு சின்ன மருந்து பாட்டிலில் ஊற்றிக் கொடுத்துவிட்டிருந்தாள். லீவு முடிந்து வருகிற யாராவது ஒருவர் கையில் வருடா வருடம் வரும்.

முதல் ஆட்டத்தன்று மத்தியானம் ஹாலில் நான் மட்டும் இருந்தேன். கோச் உட்காருகிற நாற்காலிக்கு முன்னால், கோட்டுக்கு வெளியே ஒரு அடி தள்ளி, அவர் எப்போதும் நிற்கிற இடம் ஒன்று உண்டு. மண்டியிட்டு, கட்டைவிரலை எண்ணெயில் தொட்டு அங்கே ஒரு சிலுவை போட்டேன். சட்டைக் கையால் மேலே ஒரு ஒற்று ஒற்றிவிட்டு எழுந்தேன்.

வள்ளத்து மரம் எண்ணெயைக் குடித்துவிடும். வார்னிஷ் அடித்த தரை குடிக்காது. ஒரு சொட்டு வேர்வையைக்கூட அது குடிக்காது. குடிக்காததால்தான் என்னைச் சம்பளம் கொடுத்து அங்கே வைத்திருக்கிறார்கள். இது எனக்குத் தெரியாததா? தெரியும். பந்து வெளியே போனால் பையன்கள் கோட்டைத் தாண்டி விழுந்து பிடிப்பார்கள் என்பதும் தெரியும். அன்று மத்தியானம் அந்த இடம் என் கண்ணுக்குத் தரையாகத் தெரியவில்லை. அணியமாகத் தெரிந்தது.

சாயங்காலம் ஆட்டம். ஹாலில் மூச்சுவிட இடமில்லை. மூன்றாவது பகுதியில் ஏழு பாயிண்ட் முன்னால் இருந்தோம். தெருக்காரர்களே கோச்சைத் திட்டுவதை மறந்து ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். பந்து ஒன்று கோட்டைத் தாண்டிப் போனது. அந்த மருமகன் பறந்து வந்தான். ஒரு காலை ஊன்றிப் பந்தை உள்ளே தட்டிவிட்டான். ஊன்றிய கால் நிற்கவில்லை. பாதம் ஒரு பக்கம் வழுக்க, முட்டி உள்பக்கமாக மடங்கியது. காய்ந்த மட்டையை மிதித்து ஒடிக்கிற மாதிரி ஒரு சத்தம். பிறகு அவன் போட்ட கத்தல்.

டிரம் நின்றது.

விசில் ஊதியதும் பழக்கத்தில் ஓடினேன். தரையில் ஒரு முழ நீளத்துக்குப் பளபளவென்று ஒரு தீற்றல். குனிந்ததும் தேங்காயெண்ணெய் வாசம் மூக்கில் அடித்தது. ஒரு நொடி நின்றேன். பிறகு துடைத்தேன். இரண்டு இழுப்பில் தரை கண்ணாடியாகிவிட்டது. என் வேலை அதுதானே. நிமிர்ந்தபோது, பையன் பக்கத்தில் குனிந்திருந்த கோச் என் கையிலிருந்த துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முட்டிய ஒடச்சிட்டான்! படி ஏறவிட்டு ஒடச்சிட்டான்!" என்று மேலேயிருந்து ஒரு குரல். மூன்றாவது வரிசை அப்படியே கீழே கொட்டியது.

முதலில் வந்தவன் கோச்சின் முதுகில் உதைத்தான். அவர் பையன்மேல் விழாமல் கையை ஊன்றிப் புரண்டார். தண்ணீர் கேனைத் தூக்கி ஒருவன் அவர் தோளில் போட்டான். நான் அவர் இடுப்பு பெல்ட்டைப் பிடித்து நடைபாதைக்குள் இழுத்தேன். என் தலையிலும் எதுவோ விழுந்தது. ஸ்டோர் ரூமுக்குள் தள்ளி இரும்புக் கதவைச் சாத்தினேன். தாழ் விழுவதற்குள் வெளியே நாலைந்து பேர் மோதினார்கள். என் வலது கை கதவுக்கும் நிலைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. இரண்டு விரல்கள் நசுங்கியது அந்த நேரத்தில் வலிக்கக்கூட இல்லை. அவர்தான் கதவில் தோளைக் கொடுத்து, என் கையை இழுத்து, தாழைப் போட்டார்.

வெளியே உதைத்தார்கள். ஒவ்வொரு உதைக்கும் கதவின் நடுப்பகுதி உள்ளே பிதுங்கியது. பந்து ரேக்குகளை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தோம். பந்துகள் அறை முழுக்க உருண்டன.

"சார், நான்தான்" என்றேன்.

"என்ன நான்தான்?"

"எண்ணெய். கோயில் எண்ணெய். ஒங்களுக்கு ஒண்ணும் ஆவக் கூடாதுன்னு சிலுவ போட்டேன், நீங்க நிக்கிற எடத்துல. அதுலதான் அந்தப் பய கால வச்சான்."

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு என்னையே பார்த்தார். மூக்கிலிருந்து ரத்தம் வடிந்துகொண்டிருந்தது.

"எந்தக் கோயில் எண்ணெய்?"

"நம்ம மாதா கோயில்."

அவர் சிரித்தார். பல்லெல்லாம் சிவப்பு. "மாதா நல்லா காப்பாத்துனா போங்க!"

கதவு மறுபடி அதிர்ந்தது. மேல்பக்கக் கீல் பிய்ந்தது.

"நான் போய்ச் சொல்லிருதேன் சார். நான்தான்னு கத்துதேன்."

அவர் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரோடு சாத்தினார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அப்போதுதான்.

"கூறு இருக்கா அண்ணே ஒங்களுக்கு? இத வெளிய சொன்னீயன்னா இந்த எடத்துலயே கொன்னு போட்டுருவானுவ. வேணும்னே எண்ணெய ஊத்துனான்னுதான் சொல்லுவானுவ. வாயத் தெறக்காதீய. என்னைய அடிச்சிட்டு விட்டுருவானுவ. ஒங்களுக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளையள் இருக்கு. எனக்கு சர்டிபிகேட் இருக்கு, எங்க போனாலும் வேல கெடைக்கும்."

கதவு விழுந்தது.

அவரைக் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். தலை நிலைப்படியில் இடித்தது. ஒருவன் என் மாப் கம்பை எடுத்து அவர் விலாவில் அடித்தான். கம்பு ஒடியும் வரை அடித்தான். ஒடிந்ததும் மிச்சத்தால் குத்தினான். நடைபாதையில் வரிசையாகப் போன்கள் உயர்ந்திருந்தன. நான் மூலையில், பந்துகளுக்கு நடுவில், கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அவர் சொன்னார் என்பதற்காக அல்ல. பயம்.

அவரைக் காப்பாற்றியது டிரம்காரர். மருமகனை ஸ்ட்ரெச்சரில் ஏற்றிவிட்டு ஓடி வந்தவர், கூட்டத்தைப் பிளந்துகொண்டு நுழைந்து, டிரம்மோடு அவர்மேல் கவிழ்ந்து படுத்துவிட்டார். "கலாஸ்! கலாஸ்!", போதும் போதும் என்று கத்திக்கொண்டே கிடந்தார். அவருக்கும் உதை விழுந்தது. டிரம்மின் தோல் கிழிந்தது. போலீஸ் வந்தபோது இரண்டு பேரும் அப்படியே கிடந்தார்கள்.

பத்தாம் நாள் ஆபீஸில் விசாரணை. நீள மேசையின் ஒரு முனையில் கோச், விலாவில் கட்டோடு. இன்னொரு முனையில் நான், விரலில் கட்டோடு. பையன் வலியோடு ஆடினானா, நீங்கள் ஆட வைத்தீர்களா என்று அவரைக் கேட்டார்கள். ஆட வைத்தேன் என்றார். பிறகு மேனேஜர் என் பக்கம் திரும்பினார். எல்லோருக்கும் புரியட்டும் என்று இந்தியில் கேட்டார்.

"தரை ஈரமா இருந்ததா?"

கோச் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"இல்லை சார். காய்ந்திருந்தது" என்றேன்.

அது போதும். வலி இருந்த பையனை ஆடவிட்டு அவன் காலை முடித்தார் என்று எழுதி, வேலைக்கு வந்த மூன்றாம் மாதமே அவரை அனுப்பிவிட்டார்கள். அடித்தவர்களில் நாலு பேர் சில நாள் உள்ளே இருந்துவிட்டு வந்தார்கள்.

டிக்கெட் வரும்வரை அவர் எங்கள் ரூமில் என் கட்டிலில் இருந்தார். நான் கீழே படுத்தேன். இருமும்போதெல்லாம் விலாவைப் பிடித்துக்கொள்வார். எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் இடது கையால் மீன்குழம்பு வைத்தேன். "அண்ணே, ஒங்க கையில உப்பு நல்லா நிக்கி" என்றார். ஏர்போர்ட்டுக்கு நான் போகவில்லை. டூட்டி என்று சொன்னேன். அன்று எனக்கு டூட்டி இல்லை.

சர்டிபிகேட் இருக்கிறது என்று அவர் நினைத்தது தப்பாகப் போனது. அந்தப் போன்கள்! அவர் காலைப் பிடித்து இழுக்கிற வீடியோ அவருக்கு முன்னாலேயே ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. எங்கள் கடற்கரை முழுக்க வாட்ஸ்அப்பில் ஓடியது. பையன் காலை ஒடித்துவிட்டு அடிவாங்கினவர் என்று எந்தக் கல்லூரியும் எடுக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்தார்.

இரண்டு வருடம் கழித்து லீவில் போனபோது அவரை அங்கே பார்த்தேன். நேரே போகத் தைரியம் இல்லாமல் எதிர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவர் டீ வாங்க வந்தார். என்னை இன்னும் பார்க்கவில்லை. கடையில் நின்ற ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்:

"வழி விடுலே. கல்ஃபுல தரையெல்லாம் தொடச்ச மாஸ்டரு வாராரு. முதுகாலயே தொடச்சாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டர் சில்லறையை வைத்துவிட்டு டீயை எடுத்தார்.

எப்படி எழுந்தேன் என்று தெரியாது. அந்த ஆளின் முகத்தில் கண்ணாடி டம்ளரோடு குத்தினேன். அவன் விழுந்த பிறகும் அடித்தேன். மடங்காத விரலோடு அடித்ததில் என் கைதான் முதலில் கிழிந்தது. நாலு பேர் சேர்ந்து என்னைப் பிய்த்து எடுத்தார்கள். என் ஐம்பது வருடத்தில் ஒரு மனிதனை நான் அடித்தது அந்த ஒரு தடவைதான். அவனுக்குப் புருவத்தில் ஏழு தையல். அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. பார்த்ததைச் சொன்னான்.

மாஸ்டர் என்னைத் தூக்கி நிறுத்தினார். "எதுக்கு அண்ணே?" என்று மட்டும் கேட்டார். அப்போதுகூட அந்தக் கூட்டத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அடிப்பதற்கு வந்த தைரியம் அதற்கு வரவில்லை.

இந்த வருடம் கல்லூரியில் மறுபடி புதுக் கோச் எடுத்தார்கள். தெருவே திரண்டு வந்து ஒரே பெயரைச் சொன்னது. டிரம்காரரின் மருமகன்தான். முட்டி போன பிறகு அவனால் ஆட முடியவில்லை. கோச்சுக்குப் படித்து வந்திருக்கிறான். காலை லேசாக இழுத்து நடக்கிறான்.

முதல் நாள் பயிற்சி முடிந்து பையன்கள் போன பிறகு, அவன் குனிந்து பந்துகளைப் பொறுக்கி ரேக்கில் வைத்தான். முட்டி மடங்காததால் ஒரு காலை நீட்டிக்கொண்டு, ஒவ்வொரு பந்தாக. "கோச், நான் வைக்கிறேன்" என்று ஓடினேன். "பரவாயில்லை. அந்த மனிதர் அப்படித்தான் செய்வார்" என்றான்.

அப்போது சொல்லிவிட்டேன். எனக்குத் தெரிந்த அரபியில் பாதி, இந்தியில் பாதி. எண்ணெய் என்பதற்கு அவர்கள் வார்த்தை தெரியும். சிலுவைக்குத் தெரியவில்லை. விரலால் காற்றில் போட்டுக் காட்டினேன். அவன் என்னை அந்த இடத்துக்குக் கூட்டிப் போய், "இங்கேயா?" என்று கேட்டான். "இங்கே."

வாயோடு சேர்த்துக் குத்தினான். விழுந்தேன். தூக்கி நிறுத்தி இன்னொன்று. மூன்றாவதுக்குக் கையை ஓங்கியவன் நிறுத்திவிட்டு, அந்த நாற்காலியில் உட்கார்ந்து முட்டியைப் பிடித்துக்கொண்டான். என் ரத்தம் தரையில் சொட்டியது. நீலத் துணியை எடுத்து நானே துடைத்தேன்.

நான் துடைத்து முடித்ததும், "அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டான்.

"அன்றைக்கே தெரியும். கதவு உடைவதற்கு முன்னால் சொன்னேன்."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு மாமாவுக்குப் போன் போட்டான். டிரம்காரர் வந்தார். எல்லாவற்றையும் கேட்டார். என்னை அடிக்கவில்லை. "நான் அந்த மனிதன்மேல் படுத்துக் கிடந்தேன் சதீக்" என்றார். "கீழே கிடந்துகொண்டு அவன் என்னிடம் எதுவோ சொல்லிக்கொண்டே இருந்தான். அந்த அறையைக் காட்டிக் காட்டி. உள்ளே ஒருத்தன் இருக்கிறான், அவனை அடிக்க விடாதே என்று கேட்டிருக்கிறான். இப்போதுதான் புரிகிறது." அதற்குப் பிறகு அவர் என்னைச் சதீக் என்று கூப்பிடவில்லை.

மறுநாள் அவர்களே மேனேஜரிடம் கூட்டிப் போனார்கள். அவர் எழுதிக்கொண்டார். முடிவு வரும்வரை டூட்டி பார்க்கச் சொல்லியிருக்கிறார். ஊருக்கு அனுப்பினால் போவேன். தெருக்காரர்களுக்கு அரபியில் எழுதிப் போன்களில் அனுப்பியாயிற்று.

"எங்க ஆட்களுக்கு நாங்க சொல்லிட்டோம்" என்றான் புதுக் கோச். "வீடியோ உங்க ஊருக்கும் போச்சுல்ல? உங்க ஆட்களுக்கு நீ சொல்லு. வாயால வராதுன்னா எழுது."

அதனால்தான் எழுதினேன். நாலு வெள்ளிக்கிழமை ஆனது. இதை எங்கள் பங்குக் கோயில் மாதப் புத்தகத்துக்கு அனுப்புகிறேன். இதில் பெயர் எதுவும் போடவில்லை. எங்கள் கடற்கரையில் அந்த வீடியோவைப் பார்த்த எல்லோருக்கும் யார் என்று தெரியும். அவர் அந்தப் பையன் காலை ஒடிக்கவில்லை. தரை காய்ந்திருக்கவில்லை. எண்ணெய் போட்டவன் நான், துடைத்தவனும் நான். புத்தகம் வந்ததும் அந்த ஜெராக்ஸ் கடையில் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். அவர் அதை எத்தனை காப்பி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும்.

குதைபியா,
2025 நவம்பர் 14, வெள்ளிக்கிழமை.